நனைந்த தரையும் நம் முகமும்

இரண்டரை வயதுக் குழந்தை ஒன்று, துடைத்து ஈரம் காய்ந்து அரைமணி நேரம்கூட ஆகாத கூடத்துத் தரையில், நின்ற நிலையிலேயே சிறுநீர் கழித்துவிடும்போது, அந்த வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டாகிற கோபம் உண்மையில் யார்மேல், எதன் பொருட்டு உண்டாகிறது என்பதை நிதானமாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு நெடுநாளாகத் தோன்றிக்கொண்டிருக்கிறது. தரை நனைந்தது பெரிய நஷ்டமன்று. பழைய வேஷ்டித் துண்டும் அரை வாளித் தண்ணீரும் இருந்தால் தீர்ந்துபோகும் காரியம் அது. ஆயினும், அடுப்பில் பால் பொங்கி வழிந்தபோதும், கண்ணாடிப் பாத்திரம் கைதவறி உடைந்தபோதும் வராத ஒருவகைக் கடுமை, இந்த ஒரு விஷயத்தில் மட்டும், இயல்பிலே சாந்தமான மனிதர்களுக்குக்கூட வந்துவிடுகிறது. "எத்தனை தடவை சொன்னேன்!" என்ற வார்த்தையோடுதான் அது பெரும்பாலும் ஆரம்பமாகும். சொன்னால் செய்யக்கூடிய காரியம் இது என்ற அனுமானம் அந்த வார்த்தைக்குள்ளே இருக்கிறது. அந்த அனுமானம் சரியானதன்று.

தேகத்தின் ஏற்பாடு வேறு விதமாக இருக்கிறது. பிறந்த சிசுவின் மூத்திரப்பை நிறைந்ததும் தானே சுருங்கித் தன்னைக் காலி செய்துகொள்கிறது. அதில் சிசுவின் சித்தத்துக்கு இடமே இல்லை. பையின் வாயிலை இறுக்கிப் பிடிக்கும் தசைக்கு மூளையிலிருந்து முதுகுத்தண்டு வழியாகக் கட்டளை கொண்டுவரும் நரம்புப் பாதைகள், பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒன்றரை வயதுக்கும் மூன்று வயதுக்கும் இடையில், அவரவர்க்குரிய காலத்தில் பக்குவம் அடைகின்றன. வயதோடு இரண்டைக் கூட்டி முப்பதால் பெருக்கினால் குழந்தையின் மூத்திரப்பை கொள்ளும் அளவு ஏறத்தாழ மில்லிலிட்டரில் கிடைக்கும் என்று வைத்தியர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். அந்தக் கணக்கின்படி இரண்டு வயதுக் குழந்தைக்கு 120 மில்லி, அதாவது நாம் காபி குடிக்கும் சிறிய டம்ளரின் கொள்ளளவு. அவ்வளவு சிறிய பையை, பாதி முதிர்ந்த நரம்புகளைக்கொண்டு, விளையாட்டின் நடுவில் நினைவு வைத்துக் காப்பாற்றும்படி குழந்தையிடம் நாம் கேட்கிறோம்.

இந்த அறிவு குழந்தைக்கு மூன்று படிகளில் வருவதை அருகிலிருந்து பார்த்தவர்கள் எல்லோரும் அறிவார்கள். 'ஆகிவிட்டது' என்பது முதலில் தெரிகிறது. பின்னர், 'ஆகிக்கொண்டிருக்கிறது' என்பது தெரிகிறது. ஓடிக்கொண்டிருந்த குழந்தை சட்டென்று நின்று, கால்களை அகட்டி, தன் பாதங்களையே குனிந்து பார்க்கும் கணம் அதுதான். 'ஆகப்போகிறது' என்ற முன்னறிவு கடைசியில்தான் வந்து சேர்கிறது. என் பேரன் முதற்படியில் நின்ற நாட்களில், சமையலறைக்கு ஓடிவந்து என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்து, "பாட்டி, மூச்சா" என்று கூடத்துப் பக்கம் விரலை நீட்டுவான். அப்போதே அவனுடைய நிஜாரின் ஓரத்திலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருக்கும். அலுவலகத்துக்குப் புறப்பட்டுக்கொண்டிருக்கும் என் மருமகள், "வர்றதுக்கு முன்னாடி சொல்லுடான்னா, போனப்புறம் வந்து சொல்றானே, அத்தை" என்று சலித்துக்கொள்வாள். "போனப்புறமாவது சொல்லணும்னு தோணிடுச்சே, அதைப் பாரும்மா. போன மாசம் அதுகூட இல்லையே" என்பேன். நான் அவளைச் சமாதானப்படுத்துவதற்காக அப்படிச் சொல்லவில்லை. காலம் கடந்து வந்த அந்த அறிவிப்பு வாஸ்தவத்தில் ஒரு பெரிய முன்னேற்றம். தன் தேகத்தில் நிகழ்ந்த ஒன்றைத் தன்னுடையது என்று ஓர் உயிர் முதன்முதலாகக் கண்டுகொண்டு, அதைத் தனக்கு வேண்டியவர்களிடம் வந்து தெரிவிக்கிறது. அதற்குக் கிடைக்கும் பதில் ஒரு அதட்டலாக இருந்தால், குழந்தை அடுத்த முறை முன்கூட்டிச் சொல்லக் கற்றுக்கொள்ளாது. சொல்லாமல் இருக்கத்தான் கற்றுக்கொள்ளும். கதவின் பின்னாலும் கட்டிலின் அடியிலும் போய் நின்று காரியத்தை முடித்துக்கொள்ளும் குழந்தைகளில் பலர் இப்படிச் சொல்லி அதட்டு வாங்கியவர்களே என்பது என் எண்ணம்.

ஆகவே கோபத்தின் காரணத்தைக் குழந்தையிடம் தேடுவதில் பிரயோஜனம் இல்லை. அதை நம்மிடத்தில்தான் தேட வேண்டும். வீட்டில் ஒருவரும் இல்லாத பகல் வேளையில் தரை நனைந்தால் பெருமூச்சோடு துடைத்துவிடுகிற அதே தாய், கூடத்தில் விருந்தினர் அமர்ந்திருக்கும்போது அது நிகழ்ந்தால் குழந்தையின் தொடையில் ஓர் அடி வைக்கிறாள். நிகழ்ந்தது ஒன்றேதான், பார்வையாளர்களே வேறு. 'இந்தக் குழந்தைக்கு இன்னும் பழக்கவில்லையா?' என்று பிறர் கேளாமல் கேட்கும் கேள்வி அவளைச் சுடுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமையை நம் சமூகம் எல்லோருக்கும் கொடுத்திருக்கிறது. அதற்குப் பதில் சொல்லும் கடமையைத் தாய் ஒருத்திக்கு மட்டுமே கொடுத்திருக்கிறது. தன் கௌரவத்துக்கு நேர்ந்த சிறு காயத்துக்குத் தன்னைவிட எளியவனிடம் ஈடு கேட்பது மனித சுபாவத்தில் உள்ள பலவீனம்தான். ஆனால் இங்கே அந்த எளியவன் நடந்தது இன்னதென்றே அறியாதவன். குழந்தைகள் வீட்டில் அடி வாங்கும் சந்தர்ப்பங்களில் இந்தப் பழக்கத்தின் காலமும் ஒன்று என்று குழந்தை வைத்தியர்கள் எச்சரிப்பதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

எந்த வயதில் பழக்குவது என்பதில் அறிஞர்களே ஒரு தலைமுறைக்குள் எவ்வளவு தூரம் மாறியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்தால், பிறருடைய கேள்விக்கு நாம் இவ்வளவு அஞ்சவேண்டியதில்லை என்பது விளங்கும். அமெரிக்க அரசாங்கத்தின் குழந்தைகள் நலத்துறை 1914-ஆம் ஆண்டு முதல் தாய்மார்களுக்காக வெளியிட்டுவந்த பிரசித்தமான கைப்புத்தகம், 1930-களில், சிசுவின் மலப் பழக்கத்தை முதல் சில மாதங்களிலேயே கடிகாரத்தைப் பார்த்துத் தொடங்கி, ஒரு வயதுக்குள் முடித்துவிடலாம் என்று உபதேசித்தது. அந்தக் கண்டிப்பு தளர்ந்துவந்த காலத்தில், 1962-இல், பிரேசல்டன் என்ற குழந்தை வைத்தியர் தம்மிடம் வந்த 1,170 குழந்தைகளின் விவரங்களை வெளியிட்டார். குழந்தை தானே ஆயத்தமானதற்கு அடையாளம் காட்டும்வரை காத்திருக்கும்படி பெற்றோருக்குச் சொல்லியிருந்தார் அவர். அந்தக் குழந்தைகள் பகல் நேரத்துப் பழக்கத்தை அடைந்த சராசரி வயது 28.5 மாதம். இதற்கு நேர்மாறான செய்தி 1977-இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. அங்குள்ள டிகோ என்னும் இனத்துத் தாய்மார்கள், பிறந்த சில வாரங்களிலேயே சிசுவைத் தங்கள் கால்களின்மேல் உட்காரவைத்து, ஒரு மெல்லிய ஓசையை எழுப்பிப் பழக்கி, ஐந்தாறு மாதத்தில் இரவும் பகலும் உலர்ந்த குழந்தைகளாக வைத்துக்கொள்கிறார்கள் என்பதே அந்தச் செய்தி.

அதைப் படித்தபோது எனக்கு வியப்பு ஏற்படவில்லை. நம் வீடுகளில் பாட்டிமார்கள் தரையில் கால்களை நீட்டி உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் சற்றே விலக்கி, அவற்றின்மேல் சிசுவைத் தாங்கிப் பிடித்து, உதட்டைக் குவித்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஓசை செய்வதை நான் சிறுமியாக இருந்த நாளிலிருந்தே பார்த்திருக்கிறேன். ஆனால் இந்த முறையின் சூட்சுமம் ஒன்று உண்டு. அங்கே கற்றுக்கொள்பவள் குழந்தையல்ல, தாய்தான். சிசுவின் முகம் சிவப்பதையும், கால் முடங்குவதையும், பால் குடித்த சற்று நேரத்தில் குடல் அசைவதையும் கவனித்து அறிந்துகொண்டு முந்திக்கொள்வது அவள் வேலை. தவறினால் அவள் கணக்குத் தவறியதே தவிர, சிசுவின்மேல் குற்றம் என்று எவரும் சொல்வதில்லை. நாள் முழுவதும் குழந்தை யாராவது ஒருவர் மடியில் இருந்த கூட்டுக் குடும்பங்களில் அது சாத்தியமாயிற்று. தாயும் தந்தையும் காலை எட்டு மணிக்கு வெளியே போகிற வீட்டில், டயப்பர் கட்டிய குழந்தை தன் ஈரத்தையே இரண்டு வருஷம் உணராமல் வளர்ந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் அதை அவிழ்த்துவிட்டு, "இனிமேல் நீதான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று முழுப் பொறுப்பையும் அதன் தலையில் வைக்கிறோம். டயப்பரை நான் குறைசொல்லமாட்டேன்; அது எத்தனையோ தாய்மார்களின் இரவுத் தூக்கத்தைக் காப்பாற்றியிருக்கிறது. பழைய முறையின் வேகத்தையும் புதிய முறையின் சௌகரியத்தையும் ஒரே குழந்தையிடம் சேர்த்துக் கேட்பதுதான் அநியாயம்.

அதட்டலும் பரிகாசமும் எந்த அளவுக்கு உள்ளே இறங்குகின்றன என்பதற்கு மரியா மாண்டிசோரி அம்மையார் கூறும் ஓர் அனுபவம் சான்றாகும். 1939-இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்து, யுத்த காலம் முழுவதும் நம் தேசத்தில் தங்கியிருந்த அந்த அம்மையார், ரோமாபுரியில் 1907-இல் தாம் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில் ஒரு நாள், ஓசை எழாமலும் பிறர் கவனத்தில் படாமலும் மூக்கைச் சிந்துவது எப்படி என்று குழந்தைகளுக்குச் செய்து காட்டினார். அவர்கள் வேடிக்கையாக எண்ணிச் சிரிப்பார்கள் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். குழந்தைகளோ கூர்ந்து கவனித்துவிட்டு, முடிந்ததும் கரகோஷம் செய்தார்கள். மூக்கு ஒழுகுவதற்காக ஓயாமல் ஏச்சு வாங்கி வந்த அந்த ஏழைக் குழந்தைகளுக்கு, அவமானப்படுத்தாமல் அதைக் கற்றுக்கொடுத்தவர் அதற்குமுன் ஒருவருமில்லை என்று அம்மையார் உணர்ந்தார். மூக்கைப்பற்றி அவர் அறிந்துகொண்டது, அரைக்குக் கீழே உள்ள அவயவங்களைப்பற்றி இன்னும் பத்து மடங்கு உண்மை. குழந்தை சோற்றைத் துழாவிக் கையிலும் மெய்யிலும் பூசிக்கொள்வதை வாழ்வின் பேறாகப் பாண்டியன் அறிவுடை நம்பி புறநானூற்றில் பாடியிருக்கிறான். நம் கவிகளின் கொண்டாட்டம் அந்த நெய்ச் சோற்றோடு நின்றுவிட்டது. மிச்சத்தைத் தாய் தனியாக, ஒருவரும் பாடாமல், கழுவிக்கொண்டிருந்தாள்.

அவமானத்தின் விளைவு மனத்தோடு நிற்பதில்லை, தேகத்திலும் இறங்குகிறது. சிறுநீரை நெடுநேரம் அடக்கக் குழந்தையால் முடியாது. மலத்தை அடக்க முடியும். திட்டுக்கு அஞ்சியோ, ஒரு முறை வலித்ததை நினைத்தோ, கழிவறையின் இருண்ட பள்ளத்தையும் தண்ணீர் இறங்கும் இரைச்சலையும் கண்டு பயந்தோ, குழந்தை கால்களைப் பின்னிக்கொண்டு, விரல் நுனியில் நின்று, உடம்பை விறைத்து அதை அடக்கிவிடுகிறது. பார்ப்பவர்கள், முக்குகிறது என்று நினைப்பார்கள். அது செய்வதோ அதற்கு நேர் எதிரான காரியம். அடக்கிய மலம் குடலில் இறுகுகிறது. இறுகியது வெளிவரும்போது வலிக்கிறது. வலித்ததனால் மறுபடியும் அடக்குகிறது. நாளடைவில் குடல் விரிந்து உணர்ச்சி மங்கி, கட்டியாய் நின்றதன் பக்கவாட்டில் தண்ணீராய்க் கசிந்து துணியில் படிகிறது. அதைத்தான் வீட்டார், "வேணும்னே ஜட்டியிலே போயிடறான்" என்கிறார்கள். குழந்தைக்குத் தெரியாமலே நிகழும் அந்தக் கசிவுக்காக அதை அடிக்கிற வீடுகளை நான் அறிவேன். அங்கே வேண்டியது, மலத்தை இளக்கும் மருந்தும், பழமும் கீரையும், போதுமான தண்ணீரும், சாப்பிட்டவுடன் குடல் தானே அசையும் அந்தப் பத்து நிமிஷத்தில் பாதம் இரண்டும் தரையில் அழுந்தும்படி அமைதியாக உட்காரவைப்பதும், வைத்தியரின் யோசனையுமே. பிரம்புக்கு அங்கே எந்த வேலையும் இல்லை.

இனி, துடைக்கும் காரியத்தைப்பற்றிச் சொல்லவேண்டும். அதை ஒரு சில்லறை விஷயமாக நான் கருதவில்லை. பெரியவர்களின் பொறுமை அங்கேதான் பரீட்சிக்கப்படுகிறது. முதலில் குழந்தையை ஈரத்திலிருந்து தூக்கி, வழுக்காத இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அவசரத்தில் தரையை முதலில் கவனித்தால், குழந்தை அதில் காலை வைத்து வழுக்கி விழும். அல்லது அந்தக் கால்களோடு வீடெல்லாம் சுற்றிவரும். சிறுநீரை உறிஞ்சுவதற்குப் பலமுறை துவைத்து நைந்த நூல் வேஷ்டியைப்போலப் புதிய துண்டு பயன்படாது. சிறுநீர் ஓடு பதித்த தரையின் இணைப்புக் கோடுகளின் வழியாக வெகுதூரம் ஓடியிருக்கும். ஆகவே ஓரத்திலிருந்து நடுவை நோக்கித் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீரும் நல்ல தண்ணீரும் விட வேண்டும். பிளீச்சிங் பவுடர்க் கரைசலைச் சிறுநீரின்மேல் நேரே கொட்டலாகாது. இரண்டும் சேர்ந்தால் மூச்சைத் திணறடிக்கும் வாயு எழும். மலம் பட்ட துணியை முதலில் குளிர்ந்த நீரில் அலசிவிட்டுப் பிறகே சோப்பும் வெந்நீரும் காட்டவேண்டும். சிறு குழந்தையின் மலம்தானே, அதில் என்ன தோஷம் என்று தெருவோரத்திலும் குப்பையிலும் எறிகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. பேதி நோய்களின் கிருமிகள் பெரியவர்களுடைய மலத்தில் இருப்பதைப்போலவே, சில சமயம் அதைவிட அதிகமாக, அதில் இருக்கும். கழிவறையில்தான் அதைச் சேர்க்கவேண்டும், சோப்பினால்தான் கையைக் கழுவவேண்டும்.

இவ்வளவையும் குழந்தை நின்று பார்த்துக்கொண்டிருக்கிறது. அருவருப்பு அதற்குப் பிறவியில் வந்த குணமன்று. பால் ரோசின் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞரும் அவருடைய சகாக்களும் 1980-களில் ஆராய்ந்தபோது, பெரியவர்கள் முகம் சுளிக்கும் பண்டங்களைச் சிறு குழந்தைகளில் பலர் கூசாமல் வாயில் வைத்துக்கொண்டதைக் கண்டார்கள். முகம் சுளிப்பதை நம்மிடமிருந்துதான் அது கற்றுக்கொள்கிறது. கற்றுக்கொள்ளவும் வேண்டும், இல்லாவிட்டால் சுத்தம் என்ற பழக்கமே வராது. ஆனால் கழிந்த பொருள் அசுத்தம் என்று கற்றுக்கொள்வது வேறு, கழித்த தானே அசுத்தம் என்று கற்றுக்கொள்வது வேறு. இரண்டுக்கும் இடையிலுள்ள வித்தியாசத்தை ஒரு குழந்தைக்கு வார்த்தைகளால் விளக்க இயலாது. துடைக்கிறவர் அந்த நேரத்தில் தரையைப் பார்க்கும் முகத்துக்கும் குழந்தையைப் பார்க்கும் முகத்துக்கும் உள்ள வேற்றுமையால்தான் விளக்க முடியும். நான் துடைக்கும்போது பேரனிடம் ஒரு சிறிய துணியைக் கொடுத்துவிடுவேன். அவன் குந்தி உட்கார்ந்து, காய்ந்த இடத்தையே சிரத்தையாகத் துடைப்பான். தண்டனையாக அதைக் கொடுப்பதில்லை. இந்த வீட்டில் ஈரம் உண்டானால் எல்லோரும் சேர்ந்து துடைப்போம் என்பதற்காகத்தான். அவனுடைய தகப்பனாரையும் ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த 'எல்லோரில்' சேர்த்திருக்கிறேன். முகத்தில் ஒரு மாறுதலும் இல்லாமல் என் மகன் வாளியை எடுத்துவருவதைப் பார்க்கும்போது, தகப்பன்மார்களுக்கு இது இயல்பாக வராது என்ற பேச்சுக்கு ஆதாரம் இல்லை என்றே தோன்றுகிறது.

மூன்றாவது வயதில் விதைத்த லஜ்ஜை எண்பதாவது வயதுவரை உயிரோடு இருக்கும் என்பதை என் தகப்பனாரின் கடைசிக் காலத்தில் கண்டேன். படுக்கையில் தம்மை அறியாமல் சிறுநீர் போகத் தொடங்கியபோது, எங்களில் ஒருவரும் அவரை ஒரு சொல் சொன்னதில்லை. ஆயினும் அவர் எழுந்து நடக்க முடிந்த காலம் வரையில், நனைந்த வேஷ்டியை நாலாக மடித்து, டிரங்குப் பெட்டிக்குப் பின்னால் செருகிவைத்திருப்பார். வாடை வந்த பிறகே எங்களுக்குத் தெரியும். கேட்டால், "உனக்கு ஏம்மா கஷ்டம், நானே அலசிக்கலாம்னு பார்த்தேன்" என்பார். பெற்ற மகளிடம், ஒரு நாளும் அவரைக் கடிந்துகொள்ளாத மகளிடம், அவர் அதை மறைத்தார். எத்தனையோ வருஷங்களுக்கு முன்னால், அவரைத் தவிர அப்போது உயிரோடிருந்த ஒருவரும் அறியாத ஏதோ ஒரு முற்றத்தில், யாரோ ஒருவருடைய முகம் அவருக்குச் சொல்லிவைத்த பாடம் அது என்று நான் நினைக்கிறேன். இன்று என் பேரனுடைய மெத்தையில் விரிக்கும் ரப்பர் ஷீட்டும், அவருடைய கட்டிலில் விரித்ததும் ஒரே கடையில் வாங்கியவை.

இரவைப்பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பகலில் தேறிய குழந்தை இரவில் நனைப்பது வேறு விஷயம். தூக்கத்தில் சிறுநீர் உற்பத்தியைக் குறைக்கும் சுரப்பும், நிறைந்த பை தூக்கத்தைக் கலைக்கும் திறனும் பக்குவப்பட வேண்டும், அதட்டி அவற்றை வரவழைக்க முடியாது. ஐந்து வயதுக் குழந்தைகளில் நூற்றுக்குப் பதினைந்து பேர் அளவில் இன்னும் இரவில் நனைப்பவர்களே. பெற்றோர் இருவருக்கும் சிறுவயதில் அது இருந்திருந்தால், குழந்தைக்கும் இருக்க நான்கில் மூன்று பங்கு சாத்தியம் உண்டு என்கிறார்கள்; திட்டுவதற்குமுன் தாத்தா பாட்டியைக் கேட்டுப் பார்ப்பது நல்லது. பல மாதம் உலர்ந்திருந்த குழந்தை மறுபடி நனைக்கத் தொடங்கினால் மட்டும், தம்பி பிறந்ததோ, வீடு மாறியதோ, மூத்திரத் தாரையில் புண்ணோ, மிகுதியான தாகமோ காரணமா என்று பார்த்து, வைத்தியரிடம் காட்டவேண்டும்.

நம் ஊரில் இந்தப் பழக்கத்துக்குச் சித்திரை வைகாசி மாதங்களையே பெரும்பாலோர் தேர்ந்துகொள்கிறார்கள். துணி உடனே காயும். குழந்தையை அரையில் ஒன்றுமில்லாமல் விட்டுவைக்கலாம். வியர்வையில் போவது போகச் சிறுநீரும் குறைவு. இவற்றையெல்லாம்விடப் பெரிய காரணம், ஜூன் மாதம் பள்ளி திறந்துவிடும் என்பதுதான். டயப்பர் இல்லாமல் இருக்கப் பழகிய குழந்தையையே சேர்த்துக்கொள்வோம் என்று சொல்லும் மழலையர் பள்ளிகள் இருக்கின்றன. நரம்பின் பக்குவத்துக்கு ஒரு தேதி குறித்துக் கொடுத்தது போன்ற அந்த நிபந்தனை, கோடை முழுவதும் பல வீடுகளில் குழந்தையின் கன்னத்தில் அறையாக விழுகிறது. நாங்கள் பார்த்த பள்ளியிலும் அதையேதான் கேட்டார்கள். என் மருமகள் மழுப்பாமல், "பகல்லே பெரும்பாலும் சொல்லிடுவான், விளையாட்டு மும்முரத்திலே சில சமயம் மறந்துடுவான். பையிலே மாத்துத் துணி வெச்சு அனுப்பறேன்" என்றாள். பிறகு, "நனைச்சுட்டா யாரு மாத்திவிடுவாங்க?" என்று கேட்டாள். வாசலில் நின்ற ஆயாவைக் காட்டினார்கள். அந்த அம்மாள் ஐம்பது குழந்தைகளுக்கும் தாம் ஒருத்தியே என்றும், பினாயில் தருகிறார்கள் என்றும், சோப்பை மட்டும் தம் கைக்காசில் வாங்குவதாகவும் சொன்னார்.

சேர்க்கைப் படிவத்தைப் பூர்த்தி செய்வதற்குமுன் நாங்கள் இருவரும் நிர்வாகியின் அறைக்குத் திரும்பிப் போய், அந்த அம்மாளுக்குத் துணையாக இன்னொருவர் வேண்டும், சோப்பும் கையுறையும் பள்ளியே தரவேண்டும், குழந்தைகளின் குளியலறையில் நாள் முழுவதும் தண்ணீர் இருக்கவேண்டும் என்று பேசினோம். மற்றப் பெற்றோர்களில் சிலரும் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். சோப்பும் தண்ணீரும் அந்த வாரமே வந்துவிட்டன. இரண்டாவது ஆயாவுக்காக இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.